ஏழாவது கண்ணாடித் தட்டு

அத்தியாயம் 14

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தை. நீங்க தனியா வாங்க."

போன வாரம் தொலைபேசியை வைக்குமுன் சிட்டு சொன்ன இந்த ஒரு வரி, மேட்ரனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

மேட்ரன் என்பது அவள் பார்த்த வேலை. பிரசவ ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சீருடையும் விறைத்த முதுகுமாக வாழ்நாளைக் கழித்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் யாரும் அவளை வேறு விதமாகக் கூப்பிடுவதில்லை. தனக்கென்று ஒரு குடும்பம் தேடிக்கொள்ளாமல், மனைவியைப் பறிகொடுத்த தம்பியையும் அவன் மகள் சிட்டுவையும் கட்டிக் காத்தவள். அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அவள் கட்டிக் காத்தது இன்னொன்றும் உண்டு. அப்பாவின் பெயர்.

அறுபது வருடத்துக்கு முன் ஆற்றில் வெள்ளம் புரண்ட ஒரு நாளில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து ஊரில் பாதி வீடுகளில் அழுகை கேட்டது. அப்பா அப்போது படகுத்துறை அதிகாரி. அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்ததால், "நான் வரும்வரை படகை விடாதே" என்று டிக்கெட்காரரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார். டிக்கெட்காரர் பேச்சை மீறிப் படகை விட்டார். கூக்குரல் கேட்டு அப்பா சீருடையோடு ஆற்றில் குதித்துப் பலரைக் கரை சேர்த்தார். அன்று பிறந்தவன்தான் தம்பி.

இதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. நினைவுக்கல்லில் அப்பாவின் பெயர் தனியாகப் பெரிய எழுத்தில் இருக்கிறது. டிக்கெட்காரர் சிறைக்குப் போனார். "அதிகாரிதான் கொடி காட்டினார்" என்று சொல்லிச் சொல்லி அங்கேயே செத்தார்.

நாளை அந்த நாள். தம்பிக்கு அறுபது நிறைகிறது.

சிட்டு வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் பின்கட்டு அறைக்குள் மேட்ரன் நுழைந்தபோது, உள்ளே குளிர் முகத்தில் அடித்தது. ஜன்னலில் கறுப்புத் திரை. சுவரை ஒட்டி ஒரு மரப்பெட்டி; அதற்குள் கண்ணாடித் தட்டுகள், அடுக்கி வைத்த சாப்பாட்டுத் தட்டுகளைப் போல நிமிர்ந்து நின்றன.

"கையைக் கழுவிட்டு இந்த உறையைப் போட்டுக்குங்க அத்தை."

"என்னடி, பிரசவ அறை மாதிரி பண்றே?"

"அதை விட மோசம். குழந்தை கீழே விழுந்தாலாவது அழும். இது விழுந்தா போச்சு."

மேட்ரன் சிரிக்கவில்லை. நாற்காலியின் சாய்வில் முதுகு படாமல் உட்கார்ந்தாள்.

திரையில் ஊர் விரிந்தது. ரிப்பன் போல நீளமாக, ஒல்லியாக. ஆறு, பாலம் இல்லாத ஆறு. கூரைகள். புகைபோக்கிகள். இப்போது இல்லாத எத்தனையோ மரங்கள்.

"ஸ்டூடியோக்காரர் ஒருத்தர் தண்ணித் தொட்டி உச்சியில ஏறி நின்னு எடுத்தது. கொஞ்சம் திரும்புவாரு, ஒரு தட்டு எடுப்பாரு. இன்னும் கொஞ்சம் திரும்புவாரு, அடுத்த தட்டு. ஒரு முழுச் சுற்று. அன்னிக்கே படகு கவிழ்ந்ததால அந்தப் படத்தை யாரும் கேட்கவும் இல்லை, அவரு பிரிண்ட் போடவும் இல்லை. பரண்லயே கிடந்திருக்கு. எல்லாத் தட்டையும் நான் ஒண்ணா சேர்த்துத் தைக்கிறேன். நாளைக்குக் காலையில இது சுவர் முழுக்க நிக்கும். பக்கத்துல ஒரு திரையும் இருக்கும். யார் வேணும்னாலும் விரலை வச்சு எவ்வளவு கிட்ட வேணும்னாலும் போகலாம்."

"அன்னிக்கு எடுத்ததுதான்னு எப்படிச் சொல்றே?"

"தட்டு ஓரத்துல தேதியைக் கீறி வச்சிருக்காரு. பாருங்க."

சிட்டு படத்தை நகர்த்தினாள். ஆறு பெரிதாயிற்று. துறை பெரிதாயிற்று. படகு.



படகில் எள் போட இடமில்லை. முகங்கள். சும்மா புள்ளிகள் இல்லை, முகங்கள். ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நனையக்கூடாதாம். ஒருவன் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஒரு தகப்பன் தோளில் பெண்குழந்தை, அதன் கையில் பாதி கடித்த பழம். கல்லில் வெறும் எழுத்தாக இருந்தவர்கள் எல்லாம் இங்கே இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பாவி மக்கா," என்றாள் மேட்ரன், தனக்குள்.

"இப்பக் கரையைப் பாருங்க."

கரையில் ஒரு ஆள். முன்விளிம்பு வைத்த அதிகாரித் தொப்பி. தூக்கிய கையில் கொடி. முகம் மட்டும் தொப்பி நிழலில் இருட்டாக இருந்தது.

சிட்டு குரலைத் தாழ்த்தினாள். "தொப்பியை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. டிக்கெட்காரர் நம்ம தாத்தாவோட தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டாருன்னு அப்பவே விசாரணையில சொன்னாங்களாமே. எனக்கு ஒரே ஒரு தைரியம்தான் அத்தை. இந்த ஆள் இடது கையால கொடி பிடிச்சிருக்காரு. நம்ம தாத்தா வலது கைக்காரர். ஹாலில் இருக்கிற படத்துலகூட வலது கையிலதானே பேனா வச்சிருக்காரு? அப்ப இது அவர் இல்லைதானே?"



ஆற்றில் குதித்த அன்று அப்பாவின் இடது தோள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கை தோளுக்கு மேல் எழவே இல்லை. வலது கையால் எழுதப் பழகினார், சாப்பிடப் பழகினார். தம்பிக்குத் தெரிந்ததும், சிட்டு படத்தில் பார்த்ததும் அந்த அப்பாவைத்தான். அதற்கு முந்தைய அப்பாவைத் தெரிந்தவள் உலகத்திலேயே மேட்ரன் ஒருத்திதான் மிச்சம். அந்த அப்பா அவளை இடது கையால்தான் தூக்குவார். அடித்தாலும் இடது கைதான்.

"அத்தை?"

"அவர் எப்படி அங்க இருப்பார்? வீட்டுல இருந்தார். உன் அப்பன் பொறந்த நேரம்." குரல் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒலிப்பது போல ஒலித்தது. "இதைக் கேட்கத்தான் என்னை இவ்வளவு தூரம் வரச் சொன்னியா?"

"இல்லை, இன்னொண்ணு இருக்கு. இது ஏழாவது தட்டு. இதே துறை எட்டாவது தட்டோட ஓரத்துலயும் வருது. தட்டு மாத்தறதுக்குள்ள சில நிமிஷம் ஓடிடுச்சு. இங்க பாருங்க."

அதே துறை. படகு இல்லை, கொடி இல்லை, ஆள் இல்லை. நனைந்த பலகைகளும் ஒரு நாயும்.

"ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு வர்ற இடத்துல, தையலை எந்தப் பக்கம் வேணும்னாலும் போடலாம். நடமாடுற ஆளுங்களைப் பொதுவா எடுத்துடுவோம். இல்லைன்னா பாதி உடம்பு, ரெட்டைத் தலைன்னு பேய் மாதிரி வரும். எட்டை வச்சாலும் தப்புன்னு யாரும் சொல்ல முடியாது. எங்க மேலதிகாரி உன் இஷ்டம்னுட்டாரு. சாயங்காலத்துக்குள்ள நான் அச்சுக்கு அனுப்பியாகணும்."

"அப்ப எட்டையே வை."

"ஏழு பொய்யில்லையே அத்தை."

"எட்டும் பொய்யில்லைன்னு நீதானே சொன்னே?"

சிட்டு எட்டாவது தட்டின் படத்தை மேலே இழுத்து வைத்தாள். ஆனால் மேட்ரனுக்கு அது போதவில்லை. அந்தத் தூக்கிய கை கண்ணை விட்டு அகலவில்லை. தன் கண்ணே தன்னை ஏமாற்றுகிறது, அப்பா அந்நேரம் வீட்டில்தான் இருந்தார் என்று நிரூபித்தால்தான் அவளுக்கு உறக்கம் வரும்.

"முழுச் சுற்றுன்னியே. எங்க பழைய வீடும் இருக்கணுமே. காட்டு."

"எனக்கு எந்த வீடுன்னு தெரியாதே அத்தை. நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே இடிச்சுட்டாங்களே."

"நான் சொல்றேன். துறையிலிருந்து மேல ஏறு."

ஏறினார்கள். கயிற்றுக் கடை வந்தது; வாசலில் கயிற்றுச் சுருள்கள் படுத்திருந்த எருமைகளைப் போல. அதற்கு அப்புறம் பொதுக் குழாய், குடத்தோடு யாரோ குனிந்திருக்கிறார்கள். முடிதிருத்தகத்தின் படிக்கட்டு, இரண்டாவது படி உடைந்தது.

"அந்தப் படியிலதான் விழுந்து என் பல்லு உடைஞ்சுது!" என்று மேட்ரன் சின்னப் பெண் போலக் கத்திவிட்டாள். சிட்டு திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அத்தை திரைக்கு வெகு அருகில் சாய்ந்திருந்தாள். முதுகு வளைந்திருந்தது. அப்படி ஒரு காட்சியைச் சிட்டு பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"இடது பக்கம் திரும்பு. மரக்கடை. அதுக்கு அடுத்தது. மாடி வராந்தா வச்ச வீடு, பச்சைக் கதவு... இதுல பச்சை எங்கே தெரியப்போகுது. கிட்ட போ. இன்னும் கிட்ட."

வராந்தா திரையை நிறைத்தது.

அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நேராக, ஆற்றைப் பார்த்தபடி. இளம் வயது அம்மா. பின்னால் கொடிக்கயிற்றில் வரிசையாகச் சின்னச் சின்னத் துணிகள், துவைத்துத் துவைத்து ஓரம் நைந்தவை. அவள் தோளில் ஒரு குழந்தை. கம்பளிக் குல்லா. அது தலையைத் தூக்கி, நன்றாகத் தூக்கி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எத்தனை ஆயிரம் குழந்தைகளை மேட்ரன் கையில் வாங்கியிருப்பாள்! பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. கழுத்து நிற்க இரண்டு மாதமாவது ஆகும். அன்றைக்குப் பிறக்க வேண்டிய பிள்ளை இதோ அம்மா தோளில் கழுத்து நின்று வேடிக்கை பார்க்கிறது.

அவளுக்கு அப்போது எட்டு வயது. பிரசவத்துக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று அவளைச் சில மாதங்களுக்கு முன்பே வெளியூரிலிருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். படகு கவிழ்ந்த பிறகுதான் அழைத்துவந்தார்கள். "பாரு, உன் தம்பி. வந்து நாலு நாள்தான் ஆகுது" என்று அம்மா காட்டினாள். "இவ்வளவு பெரிசா?" என்று அவள் கேட்டதும், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. "எங்க வீட்டுப் பிள்ளை பிறக்கும்போதே கெட்டியாகப் பிறந்தான்" என்பது குடும்பத்தில் இன்றுவரை ஓடும் வேடிக்கை. மேட்ரனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளை எடைபோட்டவள், அந்த ஒரு குழந்தையை மட்டும் தராசில் வைத்துப் பார்க்கவே இல்லை.

அன்று சிரித்த பெண்கள் எதற்குச் சிரித்தார்கள்?

"இதுதானா அத்தை? இந்த அம்மா யாரு? பாட்டியா?"

மேட்ரனின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. திரையை விட்டு விலகியது.

"இல்லை. இது வேற யாரோ. எங்க வீடு மரத்துக்குப் பின்னால மறைஞ்சுபோச்சு."

"பச்சைக் கதவுன்னு..."

"வயசாயிடுச்சுடி. எல்லாம் மறந்துபோகுது. எட்டாவதை வச்சு அனுப்பு."

கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஒரு விரல் மட்டும் உட்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அதைச் சரிசெய்ய அவள் நிற்கவில்லை.

வீட்டில் தம்பி நாளைக்கான சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டியையும் உள்ளே இருக்கிற தலைகளை எண்ணாமல் விடமாட்டான். ஒரு தலை கூடினாலும் இறக்கிவிட்டு விசிலை வாயில் வைப்பான். ஓட்டுநர்கள் அவன் காதுபடவே கேலி செய்வார்கள். அவன் எண்ணிக்கொண்டே இருப்பான்.

"எங்கக்கா போயிருந்தே? மத்தியானம் நானே ரசம்... இல்லை, சுடுதண்ணின்னு சொல்லணும். அதை வச்சுச் சாப்பிட்டேன்."

"ஒரு வேலை இருந்தது."

"பல் டாக்டரா? முகமே சரியில்லையே."

மேட்ரன் அவனையே பார்த்தாள். நரைத்த தலை. அப்பாவின் தாடை. அந்தத் தலை கம்பளிக் குல்லாவோடு நிமிர்ந்து நின்றது கண்ணுக்குள் வந்தது.

"என்னக்கா அப்படிப் பார்க்கிறே? நாளைக்குத்தானே அறுபது, இன்னிக்கே கிழவனாயிட்டேனா?"

"கிழவனாகி நாளாச்சு. காலரைச் சரியா தேய்."

அவன் சிரித்தான். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்பது போல ஒரு கணம் நின்றான்.

"நாளைக்குக் கல்லுக்கிட்ட என்னை எல்லார் பேரையும் வாசிக்கச் சொல்லியிருக்காங்கக்கா."

"உன்னையா? நல்ல விஷயம்தானே. அப்பாவோட மகன்."

"மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"எந்த வாயால வாசிக்கிறது? பள்ளிக்கூடத்துல என்னைப் 'படகு முழுங்கி'ன்னு கூப்பிடுவாங்க, ஞாபகம் இருக்கா? நீ போய் அந்தப் பையனுங்களைப் பிடிச்சு உலுக்கிட்டு வந்தே. அவனுங்க சொன்னதுல என்ன தப்பு?"

"வாயை மூடு."

"இல்லக்கா, அறுபது வயசுல ஒரு தடவையாவது சொல்லிடறேன். நான் அன்னிக்குப் பொறக்காம இருந்திருந்தா அப்பா துறையை விட்டு வந்திருக்க மாட்டாரு. அவர் அங்க இருந்திருந்தா அந்தப் படகு கரையை விட்டுப் போயிருக்காது. ஒரு நாள் தள்ளிப் பொறந்திருக்கக் கூடாதான்னு நான் நினைக்காத நாளே கிடையாது. டிக்கெட்காரர் மகளைத் தெருவுல பார்த்தா எதிர்ப்பக்கம் போயிடறேன். அவ நினைச்சுக்கறா, திமிருன்னு. எனக்கு அவ முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லக்கா."

அவன் இதை ஏதோ வண்டி நேரம் சொல்வது போலச் சொல்லிவிட்டு மறுபடி சட்டையைத் தேய்க்கத் தொடங்கினான். தேய்த்த சட்டைக் கையையே திரும்பத் தேய்த்தான்.

மேட்ரன் தொலைபேசி அருகே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹாலில் இருந்த படத்தில் அப்பா வலது கையில் பேனாவோடு அவளைப் பார்த்தார். மகனுடைய தலையில் இதைக் கட்டியது தெரிந்துதான் செய்தீர்களா அப்பா? இல்லை, இவன் சிறு குழந்தை, இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிட்டீர்களா? அவர் கொடி காட்டியதும் நிஜம். ஆற்றில் குதித்ததும் நிஜம். தோள் இறங்கியதும் நிஜம். அதற்கெல்லாம் மேலே, இவன் அன்று பிறந்தான் என்று ஒரே ஒரு பொய்யை வைத்தார். அது டிக்கெட்காரரைக் கொன்றது. கொல்லாமல் இன்னொருவனை அறுபது வருடமாக வைத்திருக்கிறது.

தொலைபேசி மணி அடித்தது.

"அத்தை, எல்லாம் முடிஞ்சுது. எட்டாவதை வச்சுத் தச்சுட்டேன். அனுப்பட்டுமா?" சிட்டுவின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "சீக்கிரம் சொல்லுங்க. டிக்கெட்காரர் மக இங்க வந்து உட்கார்ந்திருக்காங்க. நாளைக்குக் கூட்டம் வந்துடுமாம். அதுக்கு முன்னாடி அவங்க அப்பா இந்தப் படத்துல எங்கயாவது இருக்காரான்னு ஒரு தடவை பார்க்கணுமாம். அவரோட போட்டோ ஒண்ணுகூட அவங்ககிட்ட இல்லையாம். நான் என்ன செய்யட்டும்?"

"இருக்காரா?"

"எட்டாவதுல யாருமே இல்லையே அத்தை. ஏழாவதுல, அந்தக் கொடிக்காரருக்குப் பின்னால ஒருத்தர் இருக்காரு. டிக்கெட் பை தோள்ல. வேண்டாம் வேண்டாம்னு சொல்ற மாதிரி ரெண்டு கையும் விரிஞ்சிருக்கு. தலையில தொப்பி இல்லை."

மேட்ரன் கண்ணை மூடினாள். தூக்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்ததில், அந்த விரிந்த கைகள் அவள் கண்ணில் படவே இல்லை.

"அத்தை? அனுப்பவா?"

தம்பி பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தான். "யாருக்கா? சிட்டுவா? எப்ப வர்றாளாம்?"

  மேட்ரன் எழுந்து நின்றாள். 

"அனுப்பாதே. அந்தம்மாவை உட்காரச் சொல்லு. குடிக்க ஏதாவது கொடு. நான் உன் அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்."

"அத்தை, அப்பாவையா? நீங்கதானே எட்டை வைக்கச் சொன்னீங்க..."

"அந்த மாடி வராந்தாவைத் திரையில திறந்து வை."

ரிசீவரை வைத்தாள்.

"எங்க போறோம்?" என்றான் தம்பி.

"சிட்டு வேலை பார்க்கிற இடத்துக்கு. நம்ம பழைய வீடு அந்தப் படத்துல இருக்கு."

அவன் முகம் மலர்ந்ததை மேட்ரனால் பார்க்க முடியவில்லை. "நிஜமாவா? இடிச்ச வீடா? முன்னாடியே சொல்லக் கூடாதா!" நாளைக்கென்று தேய்த்த சட்டையை, சூடு ஆறுமுன்னே மாட்டிக்கொண்டான். பித்தான்களை அவசரத்தில் மாற்றிப் போட்டான். மேட்ரன் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

நிறுத்தத்தில் சாயங்கால வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. தம்பி காலை மாற்றி மாற்றி நின்றான்.

"அக்கா, நான் பொறந்தது காலையிலயா, மத்தியானமா? அம்மா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு சொல்லுவா. இன்னிக்காவது எந்த அறைன்னு காட்டு."

மேட்ரன் அவன் கையைப் பற்றினாள். அவனைச் சாலை கடக்க வைத்த வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பற்றியதில்லை.

பேருந்து வந்து நின்றது. ஏறுவதற்கு முன், எப்போதும் போல, அவன் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்து உள்ளே இருந்த தலைகளை எண்ணத் தொடங்கினான்.